குழந்தையின் பாக்கி

1864-ஆம் ஆண்டில் சென்னை சர்க்கார் ஒரு சட்டம் செய்தனர். நிலவரி பாக்கியை வசூலிப்பதற்கான சட்டம் அது. தவணை தப்பிய குடியானவனுடைய ஜங்கம சொத்தையும் நிலத்தையும் ஜப்தி செய்து, ஏலத்தில் விற்றுப் பாக்கியை எடுத்துக்கொள்ள அது கலெக்டருக்கு அதிகாரம் அளித்தது. இதற்காகக் கலெக்டர் எந்தக் கோர்ட்டிலும் வியாஜ்யம் தொடுத்து, வாய்தாவுக்கு வாய்தா காத்து நிற்க வேண்டியதில்லை. அந்நிய ஆட்சி போயிற்று, சுயராஜ்யம் வந்தது, அந்தச் சட்டம் மாத்திரம் போகவில்லை. பெயரிலே ‘சென்னை’ என்பது ‘தமிழ்நாடு’ என்று மாறியதே தவிர, அதன் கரம் இன்றும் பலம் குன்றாமல் இருக்கிறது. கஜானாவுக்குச் சேர வேண்டியது சேராமற் போகலாகாது என்பதில் அன்றைய சர்க்காருக்கும் இன்றைய சர்க்காருக்கும் பேதமில்லை. இதை நாம் குறைகூற வரவில்லை. வரி கொடாத தேசம் வாழாது.

ஆனால் இதே தேசத்தில் வேறொரு பாக்கி இருக்கிறது. பெற்ற குழந்தையைக் கைவிட்டுச் சென்ற தகப்பன், அக்குழந்தையின் சோற்றுக்கும் துணிக்கும் படிப்புக்கும் மாதந்தோறும் இவ்வளவு கொடுக்க வேண்டுமென்று கோர்ட்டு உத்தரவிட்ட பிறகும், கொடாமல் நிறுத்தி வைத்திருக்கும் பாக்கி அது. நிலவரியைவிட அது எந்த விதத்தில் தாழ்ந்தது? கிஸ்தி ஒரு மாதம் தாமதித்தால் கஜானா பட்டினி கிடப்பதில்லை. ஜீவனாம்சம் ஒரு மாதம் தாமதித்தால் குழந்தை பட்டினி கிடக்கும். அப்படியிருந்தும் இந்தப் பாக்கிக்காகத் தாசில்தார் ஒரு வீட்டு வாசலில் வந்து நின்றதை, வக்கீல் தொழிலிலும் பத்திரிகைத் தொழிலிலுமாகக் கழித்த இத்தனை வருஷங்களில் நாம் கண்டதில்லை.

இது ஒரு பக்கம். மறு பக்கத்தையும் நேயர்கள் பார்க்க வேண்டும். 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி காஞ்சிபுரத்தில் முதல் மந்திரி ஸ்ரீ மு. க. ஸ்டாலின் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஒரு கோடியே 6 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அவரவர் பாங்குக் கணக்கில் செலுத்துவதென்பது ஏற்பாடு. பணம் கணக்கில் விழுந்தது. விழுந்த சில தினங்களுக்குள்ளேயே, தங்கள் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லாத குற்றத்துக்காகப் பாங்குகள் அதிலிருந்து பிடித்தம் செய்துகொண்டன என்று பெண்கள் பல ஊர்களிலிருந்தும் முறையிட்டனர். அப்போதைய நிதி மந்திரி ஸ்ரீ தங்கம் தென்னரசு, உரிமைத் தொகையை இவ்வாறு வேறு கணக்குக்கு ஈடு செய்துகொள்ளலாகாது என்று பாங்குகளைப் பகிரங்கமாக எச்சரிக்க வேண்டியதாயிற்று.

இதன் பொருள் என்ன? ஏழை ஸ்திரீயின் கணக்கில் சர்க்கார் வைத்த பணத்தை எடுப்பதற்குப் பாங்குக்கு மனு வேண்டாம், சாட்சி வேண்டாம், தீர்ப்பு வேண்டாம். இயந்திரம் தானே கணக்குப் பார்த்துத் தானே எடுத்துக்கொண்டது. அதே ஸ்திரீ, தன் குழந்தையின் தகப்பனிடமிருந்து கோர்ட்டு உத்தரவிட்ட பணத்தை வாங்குவதற்கோ மனு, நோட்டீசு, சாட்சி, வாரண்டு, மீண்டும் மனு என்று வருஷக்கணக்கில் அலைகிறாள். அவளிடமிருந்து எடுப்பது நிமிஷ வேலை. அவளுக்குக் கொடுப்பது யுக வேலை. இந்த இரண்டும் வெவ்வேறு இலாகாக்களின் விஷயம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது எளிது. அவள் வீட்டு அடுப்பு ஒன்றுதான் என்பதை அந்த இலாகாக்கள் மறந்துவிடுகின்றன.

பாங்குகளின் கட்சியையும் கேட்போம். பாக்கிக்காக வாடிக்கைக்காரருடைய பொருளைப் பிடித்துவைத்துக் கொள்ளும் உரிமையை 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 171-வது பிரிவு பாங்குகளுக்கு அளிக்கிறது. குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டுமென்பதும் கணக்குத் தொடங்கும்போதே ஒப்புக்கொண்ட நிபந்தனை. எனவே தவறொன்றும் இல்லை என்பார்கள். ரிசர்வ் பாங்கு 2014 நவம்பரில் இது சம்பந்தமாகப் பிறப்பித்த விதிகள் இவ்வளவு எளிதாக அவர்களை விட்டுவிடவில்லை. இருப்புக் குறைந்தால் வாடிக்கைக்காரருக்கு முதலில் அறிவிக்க வேண்டும். சரிசெய்ய ஒரு மாதம் அவகாசம் தரவேண்டும். குறைந்த அளவுக்குத் தக்கபடியே அபராதம் இருக்க வேண்டும். அபராதத்தால் மட்டும் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகலாகாது. கைபேசியில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து விழுந்ததை அறிவிப்பென்று கொள்வதானால், எழுத்தறியாத கிழவிக்கு அது எவ்வித அறிவிப்பு என்று நாம் கேட்கிறோம்.

தொகை சிறிது, இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று சிலர் எண்ணக்கூடும். குறைந்தபட்ச இருப்பு இல்லாமைக்காகப் பொதுத்துறை பாங்குகள் 2023-24-இல் முடிந்த 5 வருஷங்களில் வசூலித்த அபராதம் சுமார் 8,500 கோடி ரூபாய் என்று 2024-இல் பார்லிமெண்டில் சர்க்காரே பதில் சொல்லியிருக்கின்றனர். இருப்பு இல்லாதவர்களிடமிருந்து, இருப்பு இல்லை என்ற காரணத்துக்காகவே, சேர்ந்த தொகை இது. தேசத்தின் மிகப் பெரிய பாங்கு இந்த அபராதத்தை 2020-இலேயே கைவிட்டது. வேறு சில பொதுத்துறை பாங்குகள் 2025-இல் கைவிட்டன. நல்லதே. ஆனால் ஒரு பாங்கின் தயவால் கிடைப்பது மற்றொரு பாங்கில் கிடைக்காமல் போகலாம். இன்று கிடைப்பது நாளை மறையலாம். ஏழையின் உதவித்தொகை தயவில் நிற்கலாகாது. சட்டத்தில் நிற்க வேண்டும்.

அப்படிப்பட்ட சட்டக் கொள்கை நமக்குப் புதிதன்று. 1871-ஆம் ஆண்டு பென்ஷன் சட்டத்தின் 11-வது பிரிவு, சர்க்கார் கொடுக்கும் பென்ஷனையும் கருணைத் தொகையையும் கடன்காரர் எவரும் கோர்ட்டு மூலமாகக்கூட ஜப்தி செய்ய முடியாது என்று விதித்திருக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவும் சர்க்கார் பென்ஷனுக்கு இந்தப் பாதுகாப்பை அளிக்கிறது. பிரிட்டிஷ் சர்க்கார் தங்கள் பென்ஷன்காரர்களுக்காகச் செய்த ஏற்பாடு இது. பென்ஷன் என்பது வயிற்றுக்கு வைத்த பணம், கடனுக்கு வைத்த பணமன்று என்பது அதன் தத்துவம். பழைய உத்தியோகஸ்தரின் பென்ஷனைக் கோர்ட்டுக் கட்டளையும் தொட முடியாதென்றால், கைம்பெண்ணின் 1,000 ரூபாயைப் பாங்குக் கணக்கு இயந்திரம் தொடலாமா? தத்துவம் ஒன்றாயிருக்கப் பலன் மாத்திரம் இரண்டாவது நியாயமன்று.

இனி ஜீவனாம்சச் சட்டத்தின் சரித்திரத்தைச் சற்றுப் பார்ப்போம். 1898-ஆம் ஆண்டு கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 488-வது பிரிவில், மனைவியையும் குழந்தையையும் பராமரிக்க மறுக்கும் புருஷன்மீது மாஜிஸ்டிரேட்டு உத்தரவு பிறப்பிக்க வகைசெய்திருந்தனர். இத்தகைய விதி அதற்கு முந்திய சட்டங்களிலும் உண்டு. திக்கற்றவர்கள் தெருவில் திரிந்து அமைதிக்குக் கேடு விளைவிக்காமல் தடுப்பதே இதன் நோக்கமென்று அக்காலத்துச் சட்ட நிபுணர்கள் விளக்கினர். அந்நிய ஆட்சியாருடைய கண்ணுக்குக் கைவிடப்பட்ட குழந்தை, உரிமையுள்ள ஒரு ஜீவனாகத் தோன்றவில்லை. தெருவின் ஒழுங்குக்கு ஓர் இடைஞ்சலாகத் தோன்றியது. ஆகவே, இடைஞ்சலை விலக்கப் போதுமான அளவுக்கே அவர்கள் சட்டம் செய்தார்கள்.

சுதந்திர இந்தியா 1973-இல் புதிய சட்டம் செய்தபோது அது 125-வது பிரிவாயிற்று. மாதம் 500 ரூபாய்க்கு மேல் கொடுக்க உத்தரவிடலாகாது என்ற, 1955 முதல் நிலவிய உச்ச வரம்பு அதிலும் தொடர்ந்தது. விலைவாசி எத்தனையோ மடங்கு ஏறிய பின்னும் அந்த 500 அசையவில்லை. 2001-இல்தான் அது நீங்கியது. 2024 ஜூலை 1 முதல் அமுலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 144-வது பிரிவாக இடம்பெற்றிருக்கிறது. பெயரும் எண்ணும் மாறின. விவாகத்தில் பிறந்த குழந்தையாயினும் அன்றாயினும், வசதியுள்ள தகப்பன் காப்பாற்றியே தீர வேண்டும் என்ற உயர்ந்த தர்மம் அதில் இருக்கிறது. ஆயின், அந்தத் தர்மத்தைச் செயலாக்கும் முறையில் 1898-இன் சாயை இன்னும் நீங்கவில்லை.

அந்த முறை எப்படிப்பட்டது? இடைக்கால ஜீவனாம்ச மனுவைக் கூடியவரையில் 60 நாளில் முடிக்க வேண்டுமென்று சட்டம் சொல்கிறது. ‘கூடியவரையில்’ என்ற அந்தச் சொல்லுக்குள் எத்தனை வாய்தாக்கள் அடங்கும் என்பதைக் கோர்ட்டு வராந்தாவில் நின்றவர்கள் அறிவார்கள். உத்தரவு கிடைத்ததென்றே வைத்துக்கொள்வோம். தகப்பன் கொடாவிட்டால் சர்க்கார் தாமாக ஒன்றும் செய்வதில்லை. தாய்தான் மீண்டும் மனுச் செய்ய வேண்டும். தொகை கொடுக்க வேண்டிய தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனுச் செய்யாவிட்டால் அதற்கு வாரண்டு கிடையாது. அவன் ஊர் மாறிப் போயிருந்தால், அவன் இருக்குமிடத்து மாஜிஸ்டிரேட்டும் உத்தரவை நிறைவேற்றலாம் என்று சட்டம் சலுகை காட்டுகிறது. அதாவது, அவன் திருப்பூர் போனால் அவள் திருப்பூர் போகலாம். அவன் பெங்களூர் போனால் அவள் பெங்களூர் போகலாம். கைக்குழந்தையுடன் கூலி வேலையை விட்டுவிட்டுப் பஸ்ஸேறிப் போவதற்குப் பணம் எங்கேயென்று சட்டம் கேட்கவில்லை.

நாம் கண்ட காட்சி ஒன்றைச் சொல்கிறோம். அது ஒரு நாள் காட்சியன்று. பல கோர்ட்டுகளில் பல நாள் கண்டது. வராந்தாவின் ஓரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். மடியில் ஒரு குழந்தை. பக்கத்தில் தூக்குச் சட்டி. மத்தியானம் பேர் கூப்பிடுவார்கள். ‘நோட்டீசு சார்வாகவில்லை, விலாசதார் ஊரில் இல்லை’ என்று குமாஸ்தா படிப்பார். அடுத்த மாதம் ஒரு தேதி போடுவார்கள். அந்த விலாசதார் அன்று காலையில்தான் அவள் தெரு வழியாக மோட்டார் சைக்கிளில் போயிருப்பான். அவளுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், சர்க்காருக்கு மாத்திரம் தெரியாது. அந்தத் தேதிக்கு வந்துபோன கூலி நஷ்டமும் பஸ் செலவும் சேர்ந்து, உத்தரவான தொகையையே தின்றுவிடுவதுண்டு. நாலைந்து தேதிகளுக்குப் பிறகு அவள் வருவதில்லை. கட்டு மூடப்படும். பாக்கி நிற்கும்.

கொடாதவனை ஜெயிலுக்கு அனுப்பலாமே என்பார்கள். அனுப்பலாம். ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறைத் தண்டனைக்குச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் ஜெயிலில் இருந்துவிட்டு வந்ததால் பாக்கி தீர்ந்துவிடாது. சிறை என்பது வசூலிப்பதற்கான வழியே தவிர வசூலாகாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1988-இலேயே தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. 2020 நவம்பரில் வழங்கிய மற்றொரு முக்கியமான தீர்ப்பில், இரு கட்சிக்காரரும் தங்கள் சொத்து வருமான விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும், மனுச் செய்த தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும், உத்தரவைச் சிவில் கோர்ட்டுப் பணத் தீர்ப்பைப் போலவும் நிறைவேற்றலாம் என்றெல்லாம் வழிகாட்டியிருக்கிறது. நீதிபதிகள் தங்கள் கடமையைச் செய்திருக்கிறார்கள். நிர்வாகம் தன் கடமையைச் செய்ததா என்பதே கேள்வி.

இந்த இடத்தில் நேயர்கள் ஒரு விஷயத்தைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஜீவனாம்சப் பாக்கியை அபராதத்தை வசூலிக்கும் முறையிலேயே வசூலிக்கலாமென்று 144-வது பிரிவு சொல்கிறது. அபராதத்தை வசூலிக்கும் முறை என்ன? அதைச் சொல்வது 461-வது பிரிவு. பழைய சட்டத்தில் 421-வது பிரிவு. ஜங்கம சொத்தை ஜப்தி செய்து விற்பது ஒரு வழி. மற்றொரு வழி, ஜில்லா கலெக்டருக்கு வாரண்டு அனுப்பி, பாக்கிக்காரனுடைய ஸ்தாவர ஜங்கம சொத்துக்களிலிருந்து அத்தொகையை நிலவரி பாக்கியைப்போல வசூலிக்கச் செய்வது. ஆகவே, எந்த 1864-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கரம் கிஸ்தி பாக்கிக்காரனைப் பிடிக்கிறதோ, அதே கரம் குழந்தையின் பாக்கிக்காரனையும் பிடிக்கலாம். புதிதாக ஆயுதம் செய்ய வேண்டியதில்லை. ஆயுதம் கலெக்டர் கச்சேரியில் துருப்பிடித்துக் கிடக்கிறது.

மற்றொன்றும் உண்டு. பாங்குகளின் ஜில்லா ஆலோசனைக் கமிட்டிக்குத் தலைவர் யார்? அதே கலெக்டர்தான். உதவித்தொகையில் கை வைக்கும் பாங்கு மானேஜரை அழைத்து விசாரிக்கும் இடமும் அவருடையது. ஜீவனாம்சத்தைக் கொடாத தகப்பனிடம் வசூலிக்கும் அதிகாரமும் அவருடையது. ஏழைத் தாயின் இரு குறைகளும் ஒரே மேஜைக்கு வந்து சேர்கின்றன. அந்த மேஜையில் நிலவரிக்கு ஒரு ஜமாபந்தி உண்டு. வருஷந்தோறும் கிராமக் கணக்கை விரித்துப் பார்ப்பார்கள். குழந்தைகளின் பாக்கிக்கு ஒரு ஜமாபந்தி ஏன் கூடாது?

சிலர் ஆக்ஷேபம் சொல்லக்கூடும். தகப்பனும் ஏழையாயிருந்தால் என்ன செய்வது என்பது முதல் ஆக்ஷேபம். வசதியிருந்தும் புறக்கணிப்பவன்மீதுதான் உத்தரவே பிறக்கும். நிலைமை மாறினால் தொகையைக் குறைக்கும்படி 146-வது பிரிவின்படி அவன் மனுச் செய்துகொள்ளலாம். சிவில் நடைமுறைச் சட்டமும் ஜீவனாம்சத் தீர்ப்புக்காகச் சம்பளத்தை ஜப்தி செய்யும்போது மூன்றிலொரு பங்கை அவன் பிழைப்புக்கு விட்டுவைக்கச் சொல்கிறது. சாதாரணக் கடனுக்கோ முதல் 1,000 ரூபாயையும் மிச்சத்தில் மூன்றிலிரண்டு பங்கையும் விட்டுவைக்க வேண்டும். எந்தக் கடனைவிடவும் ஜீவனாம்சக் கடன் உயர்ந்ததென்று சட்டம் இயற்றியவர்கள் கருதியதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? பெண்கள் பொய் வழக்குத் தொடுக்கிறார்கள் என்பது இரண்டாவது ஆக்ஷேபம். நாம் வழக்கைப் பற்றிப் பேசவில்லை. விசாரித்து முடித்த உத்தரவைப் பற்றிப் பேசுகிறோம். மேலும், பாக்கி குழந்தையினுடையது. தாயும் தகப்பனும் போட்ட சண்டையில் குழந்தை கட்சிக்காரனன்று.

சர்க்காரே இறங்கி வசூலிப்பதென்பது விபரீத யோசனையன்று. இங்கிலாந்தில் 1991-இல் சட்டம் செய்து, 1993 ஏப்ரல் முதல் இதற்கென்றே ஒரு ஸ்தாபனம் வைத்தார்கள். தகப்பனுடைய சம்பளத்திலிருந்தே முதலாளி பிடித்தம் செய்து அனுப்பும்படி கட்டளையிடும் அதிகாரம் அதற்கு இருந்தது. ஆனால் அவர்கள் செய்த தவறுகளையும் நாம் அறிந்துகொள்வது நல்லது. சர்க்கார் உதவியில் வாழ்ந்த தாய்க்குத் தகப்பனிடமிருந்து வசூலான பணத்தை, அவளுக்குக் கொடுத்துவந்த உதவியிலிருந்து கழித்துக்கொண்டார்கள். தகப்பன் கொடுத்தான், கஜானா லாபம் பெற்றது, குழந்தையின் தட்டில் ஒரு கவளமும் கூடவில்லை. 2010 ஏப்ரலில்தான் இந்தக் கழிவு முற்றிலும் நீங்கியது. ஸ்தாபனம் தோல்வியுற்று, 2012-இல் வேறொன்று தொடங்கியது. பழைய பாக்கிகளில் பெரும்பகுதியை வசூலாகாதென்று 2018-க்குப் பின் கணக்கிலிருந்தே அடித்துவிட்டார்கள். 2014 முதல், சர்க்கார் மூலம் வசூலித்துக் கொடுப்பதற்குத் தகப்பனிடம் நூற்றுக்கு 20-உம், தாய்க்குச் சேரும் தொகையில் நூற்றுக்கு 4-உம் கட்டணமாக விதித்தார்கள். கைவிடப்பட்ட குழந்தையிடம் தரகு வாங்கிய சர்க்கார் அது.

உதவித்தொகையில் பிடித்தம் செய்யும் விஷயத்திலும் இங்கிலாந்து ஒரு பாடம் கற்பிக்கிறது. அங்கே ஏழைகளுக்குக் கொடுக்கும் யூனிவர்சல் கிரெடிட் என்னும் உதவியின் அடிப்படைத் தொகையில், பழைய கடனுக்கும் பாக்கிக்குமாக நூற்றுக்கு 40 வரை சர்க்காரே பிடித்துவந்தனர். எதிர்ப்பு வலுத்தபின் அந்தப் பொதுவான உச்ச வரம்பு 2019-இல் 30 ஆயிற்று. 2021-இல் 25 ஆயிற்று. 2025 ஏப்ரலில் 15 ஆயிற்று. பிடித்தத்துக்கு ஒரு வரம்பு உண்டு, அது இவ்வளவுதான் என்று சட்டத்தில் எழுதியிருந்தபடியால்தான் அதைக் குறைக்கும்படி ஜனங்களால் போராட முடிந்தது. நம் நாட்டில் உதவித்தொகையிலிருந்து இவ்வளவுக்கு மேல் பிடிக்கலாகாது என்று எழுதிய வரம்பு எங்கே? பாங்கு நினைத்தால் 1,000-இல் 1,000-உம் போகும்.

இதைவிடச் சிறந்த வழி காட்டிய தேசங்களும் உண்டு. ஸ்வீடன் தேசத்தார் 1937-இலேயே ஒரு சட்டம் செய்தார்கள். தகப்பன் கொடாவிட்டால் சர்க்கார் குழந்தைக்கு முன்பணமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு அவனிடம் வசூலித்துக்கொள்வதென்பது ஏற்பாடு. ஜெர்மனியில் 1979-இல் அப்படியே சட்டம் செய்து, 2017-இல் அதை 18 வயது வரையில் விஸ்தரித்தார்கள். இந்த முறையின் மேன்மை நேயர்களுக்கு விளங்காமற் போகாது. காத்திருக்கும் பாரம் குழந்தையை விட்டு நீங்கிச் சர்க்காரிடம் போய்விடுகிறது. பாக்கி சர்க்காருடைய பாக்கியானவுடன், வசூல் எப்படி நடக்கும் என்று நாம் சொல்ல வேண்டுவதில்லை. 1864 முதல் பார்த்து வருகிறோம்.

இதற்கு வேண்டிய அஸ்திவாரம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. கைவிடப்பட்ட ஆதரவற்ற மனைவியருக்கு ஓய்வூதியம் அளிக்கும் திட்டம் 1986-இல் இங்கே தொடங்கியது. ஆனால், விவாகரத்தோ கோர்ட்டுப் பிரிவினையோ பெறாதவள் 5 ஆண்டுகளுக்குக் குறையாமல் கைவிடப்பட்டவளாயிருக்க வேண்டுமென்று அதற்கு நிபந்தனை வைத்தார்கள். மூன்று வயதில் தகப்பன் போனால் எட்டு வயதில் வீட்டுக்கு உதவி வரும். இடைப்பட்ட ஐந்து வருஷங்களில்தான் குழந்தை வளர்கிறது என்பதை அந்த நிபந்தனை எழுதியவர்கள் எண்ணவில்லை போலும்.

ஆகவே நாம் கோருவது இது. முதலாவது, சர்க்கார் கணக்கில் செலுத்தும் எந்த உதவித்தொகையிலிருந்தும், கணக்குக்குரியவர் அப்போதைக்கு அறிந்து எழுதிக்கொடுத்த சம்மதமோ கோர்ட்டு உத்தரவோ இல்லாமல் ஒரு காசும் பிடிக்கலாகாதென்று சட்டம் செய்ய வேண்டும். பிடித்ததை உடனே நஷ்டஈட்டுடன் திருப்ப வேண்டும். இரண்டாவது, ஜீவனாம்ச உத்தரவு ஒவ்வொன்றின் நகலும் கலெக்டர் கச்சேரியில் பதிவாக வேண்டும். இரண்டு மாதப் பாக்கி நின்றவுடன், தாய் மறுபடி மனுச் செய்யாமலே, நிலவரி போல வசூலிக்கும் வாரண்டு பிறக்க வேண்டும். ஒரு வருஷக் கெடு ஒழிய வேண்டும். மூன்றாவது, வசூலாகும் வரை ஒரு குறைந்த தொகையைச் சர்க்கார் முன்பணமாகக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டும். நான்காவது, வசூலானதில் ஒரு பைசாவையும் கட்டணமென்றோ கழிவென்றோ கஜானா தொடலாகாது. அதைக் காரணமாக்கித் தாயின் வேறு உதவியைக் குறைக்கவும் கூடாது. ஐந்தாவது, ஜில்லாவாரியாக எத்தனை உத்தரவு, எவ்வளவு பாக்கி, எவ்வளவு வசூல், உதவித்தொகையில் எத்தனை பிடித்தம், எத்தனை திருப்பம் என்ற கணக்கை வருஷந்தோறும் சட்டசபையில் வைக்க வேண்டும்.

இவையெல்லாம் டில்லி சர்க்கார் செய்ய வேண்டியவை, எங்களால் ஆகாது என்று சென்னையிலுள்ளவர்கள் கைவிரிக்க முடியாது. பாங்குகளைப் பற்றிச் சட்டம் செய்வது டில்லியின் அதிகாரம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கிரிமினல் நடைமுறை, அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் இருக்கிறது. ஜனாதிபதியின் சம்மதத்துடன் மாநிலச் சட்டசபை அதைத் திருத்தலாம். 500 ரூபாய் வரம்பு நிலவிய காலத்திலேயே மேற்கு வங்காளமும் மகாராஷ்டிரமும் மத்தியப் பிரதேசமும் தங்கள் சட்டசபைகளின் மூலம் அதை உயர்த்திக் காட்டின. வாரண்டை வாங்கி வசூலிப்பதற்கோ புதிய சட்டமே வேண்டியதில்லை. கலெக்டர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போதும்.

சர்க்கார் செய்யும் வரை நம்முடைய தேச ஊழியர்கள் சும்மா இருக்க வேண்டுமா? கூட்டம் போடுவதும் தீர்மானம் நிறைவேற்றுவதும் மாத்திரம் பொதுத் தொண்டன்று. குறைந்தபட்ச இருப்பே வேண்டாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு 2012 முதல் எல்லாப் பாங்குகளிலும் உண்டு. தங்கள் தெருவிலுள்ள ஏழைப் பெண்களின் கணக்கை அதற்கு மாற்றித்தர ஒரு வாலிபன் ஒரு நாள் பாங்குக்கு உடன் சென்றால் போதும். தவறான பிடித்தத்துக்கு எழுத்தில் புகார் எழுதிக் கொடுக்கலாம், 30 நாளில் தக்க பதில் வராவிட்டால் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பலாம், அதற்குக் கட்டணமில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானத்தைப் பாராமலே இலவச வக்கீல் உதவி உண்டென்பதை ஊரெங்கும் சொல்லலாம். ஒரு வருஷக் கெடு தப்பிப் போகாமல், மாதந்தோறும் நினைவூட்டலாம். மனுவில் 461-வது பிரிவைக் குறிப்பிட்டு, கலெக்டருக்கு வாரண்டு அனுப்பும்படி கேட்க நம் வக்கீல் நண்பர்களைத் தூண்டலாம்.

நிலவரிக்கு உள்ள மரியாதை குழந்தையின் பாலுக்கும் இருக்க வேண்டுமென்பதே நம் கட்சி. தன் குடிகளிலே மிகச் சிறியவருக்குச் சேர வேண்டிய கடனை வசூலித்துக் கொடுக்கும் வரையில், சுயராஜ்ய சர்க்கார் தன் பெரிய கடனை இன்னும் தீர்த்ததாகாது. கலெக்டரின் மேஜையில் அந்தக் கணக்குப் புஸ்தகத்தை இந்த வருஷமே திறக்கட்டும். அதன் முதல் பக்கத்தில் எழுத வேண்டிய பெயர்கள், கோர்ட்டு வராந்தாக்களில் தூக்குச் சட்டியோடு காத்திருக்கின்றன.